பனியைத் தரையாக்கும் வித்தை

புதிதாகப் பெய்த பனியில் ஒரு மனிதன் காலை வைத்தால் அது முழங்கால்வரை புதைந்துவிடுகிறது. அதே பனியில் ஒரு முயல் தன் அடிச்சுவட்டை மட்டும் மேலாகப் பதித்துவிட்டு ஓடிவிடுகிறது. மனிதன் கனமானவன், முயல் இலேசானது, ஆகவே இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று நாம் எளிதில் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால், அந்த மனிதனே ஸ்னோஷூ என்று வழங்கும் அகன்ற பனிமிதியடிகளைக் கால்களில் பூட்டிக்கொண்டு, அவற்றின் கனத்தையும் சேர்த்துச் சுமப்பவனாய், அதாவது முன்னிருந்ததைவிட இரண்டு கிலோகிராம் அதிக எடையுள்ளவனாய், அதே பனியின்மேல் ஏறி நின்றால், சில அங்குலங்களுக்குமேல் புதைவதில்லை. எடை கூடியிருக்கிறது, புதைவது குறைந்திருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க வேண்டிய பௌதிகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். அதற்கு அடுத்தபடியாக இன்னொரு சூட்சுமமான காரியமும் அங்கே நடக்கிறது. அது அநேகருடைய கவனத்துக்கு வருவதில்லை. மிதியடி நம்மைப் பனியின்மேல் தாங்குவதோடு நின்றுவிடாமல், தன்கீழ் அகப்பட்ட பனியையே வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது.

இதைப் பிரத்தியட்சமாகப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கனடாவில் வாய்த்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் 1893ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட அல்கோன்குவின் பூங்கா, டொராண்டோ நகரிலிருந்து வடக்கே மோட்டாரில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது. ஏழாயிரத்தைந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விஸ்தீரணமுள்ள அந்த வனத்தில் மேப்பிளும் ஹெம்லாக்கும் ஸ்புரூஸும் அடர்ந்து நிற்கின்றன, இடையிடையே ஏரிகள். ஜனவரி மாதத்தில் இரவு உஷ்ணநிலை மைனஸ் இருபது டிகிரிக்கும் கீழே இறங்குவது அங்கே விசேஷமான செய்தியல்ல. டொராண்டோவில் குடியேறிப் பல்லாண்டுகளாக வாழும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் மூவர் என்னை அழைத்துப் போனார்கள். அவர்களில் ஒருவருடைய லாப்ரடார் நாயும் உடன் வந்தது. முப்பது கிலோகிராம் எடையும் வீரன் என்ற பெயரும் உடைய அந்தப் பிராணியை நான் இங்கே குறிப்பிடுவது வெறும் வாத்சல்யத்தினால் அன்று. அன்றைய பௌதிகப் பாடத்தில் பாதியை எனக்குக் கற்பித்தது அதுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கனத்த உடையும் முதுகுப் பையும் சேர்ந்து எண்பத்தைந்து கிலோகிராம் இருக்கும் ஒருவர் நடக்கையில், ஏதாவது ஒரு கணத்தில் அவருடைய முழு எடையும் ஒற்றைக் காலின்மேல் இறங்குகிறது. ஒரு பூட்ஸின் அடிப்பரப்பு சுமார் 270 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முந்நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கவேண்டும். நடுத்தர அளவுள்ள பனிமிதியடி ஒன்றின் பரப்போ ஏறத்தாழ 1,500 சதுர சென்டிமீட்டர். அதை அணிந்தவுடன் அந்தப் பாரம் அறுபது கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது; ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உழுது சேறாக்கிய வயலில் பரம்படிக்கும் உழவன் பலகையின்மேல் நிற்கும்வரை இறங்காமல் நிற்பதும், ஒரு காலைப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டால் அந்தக் கால் மாத்திரம் கணுக்காலுக்கு மேல் இறங்கிவிடுவதும் நம்மவர்கள் கண்டறிந்த சங்கதிதான். பனிமிதியடி என்பது, கூடவே தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பரம்புப் பலகை.

இந்த உபாயத்தை மனிதன் கண்டுபிடித்து எவ்வளவு காலமாயிற்று என்பதற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஒரு சாட்சியம் கிடைத்திருக்கிறது. இத்தாலியின் எல்லையை ஒட்டிய குர்க்லர் ஐஸ்யோக் என்னும் கணவாயின் அருகே, கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், 2003ஆம் ஆண்டில் எல்லை அளக்கச் சென்ற சிமோனே பார்த்தோலினி என்ற வரைபட நிபுணர், பிர்ச் மரக் கொம்பை வட்டமாக வளைத்துக் குறுக்கே கயிறு கட்டிய ஒரு பொருளைக் கண்டெடுத்து, அதன் வயதை அறியாமலே பல வருஷங்கள் தம் அலுவலகத்தில் ஒரு ஞாபகார்த்தமாக வைத்திருந்தார். பிற்பாடு பரிசோதித்தபோது அது கி.மு. 3800க்கும் 3700க்கும் இடைப்பட்ட காலத்துப் பனிமிதியடி என்று தெரியவந்தது. மனிதனுக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் இதே வித்தையைப் பிரயோகித்தார்கள் என்பதற்கும் ஆதாரம் உண்டு. கி.மு. 401ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிரேக்கப் படையொன்று ஆர்மீனிய மலைநாட்டின் வழியாகத் தட்டுத்தடுமாறித் திரும்பிக்கொண்டிருக்கையில், பனியில் வயிறுவரை புதைந்து தவித்த குதிரைகளின் குளம்புகளில் சிறு பைகளைக் கட்டும்படி ஒரு கிராமத் தலைவன் சொல்லிக்கொடுத்ததாக, அந்தப் படையை நடத்திய ஸெனபோன் எழுதிவைத்திருக்கிறார்.

என்றாலும், இந்தச் சாதனத்தைக் கலையின் நிலைக்கு உயர்த்தியவர்கள் வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்களே என்பது என் அபிப்பிராயம். கிரீ, ஓஜிப்வே, வெண்டாட் முதலிய ஜாதியார் ஆஷ் மரத்தை நீராவியில் வளைத்துச் சட்டமாக்கி, காரிபு மான் அல்லது மூஸ் மானின் பச்சைத் தோலை நூலாகக் கிழித்து அதில் வலை பின்னினார்கள். அடர்ந்த காட்டில் திரும்பவும் வளையவும் சௌகரியமாக இருக்கக் குட்டையான வட்ட வடிவம். பரந்த வெளியில் நேரே விரைந்து செல்ல நீண்டு கூர்ந்த வடிவம். இவ்வாறு அவரவர் நிலத்துக்கும் பனிக்கும் ஏற்றபடி உருவம் மாறியது. வலையாகப் பின்னியதன் காரணமும் யோசிக்கத் தக்கது. மேலே விழுந்த பனி வலைக்கண்களின் வழியே உதிர்ந்துவிடுவதால் காலைத் தூக்கும்போது வீண் சுமை ஏறுவதில்லை. இக்காலத்து அலுமினியச் சட்டமும் பிளாஸ்டிக் தளமும் எடையில் இலேசானவை, அடியில் பற்களும் கொண்டவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அழகிலும் ஓசையின்மையிலும் அந்தப் பழைய மிதியடிக்கு அவை ஈடாகமாட்டா.

இனிப் பனியின் சுபாவத்தைச் சற்று ஆராய்வோம். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒரு பங்குதான் நீர். மற்ற ஒன்பது பங்கும் காற்று. மேகத்தின் உள்ளே நீராவி நேரே உறைந்து பிறக்கும் ஒவ்வொரு பளிங்கும் ஆறு மூலையுடையதாக இருப்பதேன் என்று 1611ஆம் ஆண்டிலேயே கெப்ளர் ஒரு சிறு நூலில் விசாரித்திருக்கிறார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்னும் விவசாயியின் மகன், தம் பத்தொன்பதாம் வயதில், 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, நுண்ணோக்கியோடு காமெராவை இணைத்து ஒரு தனிப் பனிப்பளிங்கைப் படம் பிடித்தார். 1931இல் அவர் இறப்பதற்குள் அவர் எடுத்த படங்கள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஜப்பானில் ஹொக்கைடோ சர்வகலாசாலையைச் சேர்ந்த உகிசிரோ நகாயா ஒரு படி மேலே சென்று, 1936ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், குளிரூட்டிய அறையொன்றில் ஒரு முயல் மயிரின் நுனியில் செயற்கைப் பனிப்பளிங்கையே வளர்த்துக் காட்டினார். மைனஸ் ஐந்து டிகிரியை ஒட்டி ஊசிகளும் தூண்களும், மைனஸ் பதினைந்தை ஒட்டிக் கிளை விரிந்த நட்சத்திரங்களும் உண்டாகின்றன என்று உஷ்ணநிலைக்கும் வடிவத்துக்கும் உள்ள சம்பந்தத்தை வகுத்துக் கூறியவரும் அவரே. கிளை விரிந்த நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு தரையில் அடுக்குகின்றன. இடைவெளியெல்லாம் காற்று. கால் வைத்தவுடன் அந்த நுனிகள் ஒடிந்து நாம் உள்ளே போய்விடுவதற்குக் காரணம் இந்த அடுக்குமுறைதான்.

ஆனால் ஒடிந்த துண்டுகள் என்னவாகின்றன? இங்கேதான் நான் முன்னே சொன்ன சூட்சுமம் இருக்கிறது. மிதியடி மேலிருந்து அழுத்தும்போது நட்சத்திரங்களின் கிளைகள் நொறுங்கிச் சிறு மணிகளாகி, காற்றை வெளியேற்றிவிட்டு ஒன்றையொன்று நெருக்கமாகத் தொட்டுக்கொள்கின்றன. பனிக்கட்டி என்பது எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் முற்றும் அசையாத பொருள் அன்று. அதன் பரப்பிலிருந்து அணுத்திரள்கள் சதா ஆவியாக எழுவதும் மீண்டும் படிவதுமாக இருக்கின்றன. கூர்மையாகப் புடைத்த முனைகளிலிருந்து ஆவி எளிதில் கிளம்புகிறது. இரண்டு மணிகள் தொட்டுக்கொள்ளும் குழிந்த இடத்தில் அது எளிதில் படிகிறது. ஆகவே, தொடும் இடத்தில் மெல்ல மெல்ல ஒரு கழுத்து வளர்ந்து இரண்டு மணிகளையும் பிணைத்துவிடுகிறது. குயவன் சூளையில் மண்துகள்கள் ஒட்டிக்கொள்ளக் கொடிய உஷ்ணம் வேண்டும். பனியோ உருகுநிலைக்குச் சமீபத்திலேயே எப்போதும் இருப்பதால், நமக்கு உடம்பு நடுங்கும் குளிரிலேயே இந்த வேலை நடந்தேறிவிடுகிறது. காலையில் நாங்கள் மிதித்துச் சென்ற வழியில் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, அந்தத் தடம் பக்கத்துப் பனியைவிட எத்தனையோ மடங்கு இறுகியிருந்தது. மிதியடியை ஓரமாக வைத்துத் தட்டிப் பார்த்தேன். பலகையைத் தட்டும் ஓசை எழுந்தது. ஒரு சாண் தள்ளி மிதிக்காத இடத்தில் அதே மிதியடி சத்தமே இன்றி இறங்கிப் போயிற்று. நால்வர் நடையில் ஒரு சாலை உண்டாகிவிட்டது.

அந்தச் சாலையைப் போடுகிறவர் படும் பாடு சாமானியமானதன்று. முன்னே செல்பவர் ஒவ்வோர் அடியிலும் பனியை நசுக்குவதற்குத் தம் சக்தியைச் செலவிடுகிறார். பின்னே வருகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. காலடி எவ்வளவு ஆழம் புதைகிறதோ அதற்கு நேர் விகிதத்தில் நடப்பவருடைய சக்திச் செலவு ஏறுகிறது என்று 1976இல் பாண்டால்ஃப் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்து கண்டார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னதாகவே, 1966இல், பனி எவ்வளவு தளர்ந்திருந்தால் அணிவகுத்துச் செல்பவரின் சக்திச் செலவு எவ்வளவு கூடுகிறது என்பதை இராமசாமி முதலிய இந்திய விஞ்ஞானிகள் அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்பது நம்மவர் அறிந்து மகிழவேண்டிய செய்தி. இமயத்தின் பனியில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்கு அந்த அளவை எவ்வளவு உபயோகமானது என்று விளக்க வேண்டியதில்லை. இதோடு, காலில் கட்டிய ஒரு கிலோகிராம் முதுகில் ஏற்றிய சுமார் ஐந்து கிலோகிராமுக்குச் சமமாக ஆளை அயர்த்தும். ஆகையால் பனிநடையில் தேர்ந்தவர்கள் முன்னே செல்லும் பொறுப்பை முறை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். எங்களில் இளையவர், மூச்சு வாங்குகிறவரைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் பின்னுக்கு வாங்கோ, இனி நான் முன்னுக்குப் போறன்" என்று சொல்லிச் சொல்லி இடம் மாறிக்கொண்டார். விருந்தாளி என்ற மரியாதையால் என் முறை மட்டும் அடிக்கடி தவறிப்போயிற்று.

வீரனின் கதை வேறு. காரிலிருந்து இறங்கியதும் அது ஆனந்தத்தினால் துள்ளிப் பாதையைவிட்டு விலகிப் பாய்ந்தது. பாய்ந்த இடத்திலேயே மார்புவரை புதைந்தது. முன்கால்களைத் தூக்கி முன்னே எறிந்து, உடம்பை வளைத்து, பின்கால்களால் உந்தி, ஒவ்வொரு கெஜத்தையும் ஒரு தாண்டலாகவே கடக்க வேண்டியதாயிற்று. நாய் மனிதனைவிட இலேசானதாயிற்றே, அது ஏன் இவ்வளவு புதைய வேண்டும்? கணக்குப் போட்டால் விடை வந்துவிடுகிறது. முப்பது கிலோகிராம் எடையுள்ள நாயின் ஒரு பாதம், விரல்களை விரித்து ஊன்றினாலும், நாற்பது சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பதில்லை. நான்கு கால்களிலும் அசையாமல் நிற்கும்போதே சதுர சென்டிமீட்டருக்கு இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவான பாரம். இரண்டு கால்கள் மட்டும் தரையில் படும்படி ஓடும்போது அது இரட்டித்துவிடும். மிதியடி அணிந்த எஜமானரைவிட அந்த நாய் பனியை மூன்று முதல் ஆறு மடங்கு கடுமையாக அழுத்துகிறது. அதன் மூதாதையான ஓநாய்க்கு, அதே எடையுள்ள நாயைவிடப் பாதம் பெரிது. ஆனாலும் ஆழ்ந்த பனியில் ஓநாய்க் கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக முன்னதன் சுவட்டிலேயே கால் வைத்துப் போகிறது. வீரனுக்கும் இந்த ஞானம் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. "வீரன், பின்னுக்கு வா" என்று நண்பர் தோல்வாரை இழுக்கும் அவசியமே இல்லாமல், அது தானாகவே எங்கள் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு, இறுகிய தடத்தின்மேல் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது.

வெறும் பாதத்தோடு பனியில் நிற்கும் நாயின் கால் உறைந்துபோகாதிருப்பது எப்படி என்ற கேள்வி எனக்கு அன்று பகல் முழுவதும் இருந்தது. இரத்தம் இருதயத்திலிருந்து பாதத்துக்கு இறங்கும் நாடிகளைச் சுற்றி, பாதத்திலிருந்து குளிர்ந்து திரும்பும் சிரைகள் பின்னலாகச் சூழ்ந்திருக்கின்றன. இறங்கும் இரத்தத்தின் உஷ்ணத்தை ஏறும் இரத்தம் வழியிலேயே வாங்கிக்கொண்டு உடலுக்குள் திருப்பிச் சேர்த்துவிடுகிறது. ஆகவே பாதத்துக்கு எட்டுவது ஏற்கெனவே குளிர்ந்த இரத்தம்; பனிக்கு இழப்பது சொற்பம். நாயின் பாதத்தில் இந்த அமைப்பு இருப்பதை 2011இல் ஹிரோயோஷி நினோமியா முதலிய ஜப்பானிய விலங்கு மருத்துவ அறிஞர்கள் விளக்கிக் காட்டினார்கள். இதற்கு முன், 1972இல், ஓநாயின் பாதத்தையும் துருவநரியின் பாதத்தையும் மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிர்த் திரவத்தில் அமிழ்த்திப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றின் பாதத்தோல் மைனஸ் ஒரு டிகிரிக்கு அருகிலேயே, திசுக்கள் உறையும் எல்லைக்குச் சற்று மேலாக, நிலைத்து நிற்பதைக் கண்டார்கள். காலை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள அந்தப் பிராணி முயல்வதே இல்லை. உறையாமல் காப்பதற்கு வேண்டிய உஷ்ணத்தை மட்டும் எண்ணிக் கொடுக்கிறது. நாமோ இரண்டு கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொண்டும் குளிர்கிறது என்கிறோம்.

ஆயினும் இந்தச் சிக்கன ஏற்பாட்டுக்கு ஓர் ஓட்டை உண்டு. விரல்களுக்கு நடுவே வளரும் மயிரில் ஒட்டும் பனியை உடலின் சிறிதளவு உஷ்ணம் உருக்கிவிட, உருகிய நீர் மறுபடியும் உறைந்து மயிரோடு சேர்ந்து மணியாகத் திரள்கிறது. அடுத்த அடியில் அதன்மேல் இன்னும் பனி ஒட்டுகிறது. வீரன் திடீரென்று நின்று, உட்கார்ந்து, வலது முன்காலை நக்கிக் கடிக்கத் தொடங்கியபோது நண்பர் கையுறையைக் கழற்றிவிட்டு அதன் விரல்களை விரித்துக் காட்டினார். இலந்தைக்கொட்டை அளவில் மூன்று நான்கு உருண்டைகள் இறுகி நின்றன. இழுத்தால் மயிரோடு தோலும் வரும். அவர் உள்ளங்கையில் பாதத்தை வைத்துக்கொண்டு ஊதி ஊதி உருக்கி எடுத்தார். புறப்படும்போதே அந்த மயிரைக் கத்தரித்து, பாதத்தில் மெழுகுத் தைலம் தடவியிருக்கலாம், அல்லது துணிக் காலுறை போட்டிருக்கலாம். அலாஸ்காவில் நடக்கும் இடிடராட் என்ற நீண்ட சறுக்குவண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறைகள் வண்டியில் இருந்தே தீரவேண்டும் என்று விதியே இருக்கிறது. ஸெனபோனின் குதிரைகளுக்குக் கிடைத்த உபசாரம் இவற்றுக்கும் கிடைக்கிறது.

ஹெம்லாக் மரங்கள் செறிந்த ஒரு சரிவில், பாதையைக் குறுக்காகக் கடந்து சென்ற முயல் சுவடு ஒன்று தென்பட்டது. பெரிய பின்னங்கால்கள் இரண்டும் முன்னே, சிறிய முன்னங்கால்கள் இரண்டும் பின்னே விழுந்திருந்தன. தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி ஊன்றுவதால் சுவடு இப்படித் தலைகீழாகத் தோன்றுகிறது. ஆழமோ அரை விரற்கடைகூட இல்லை. பனிமிதியடி முயல் என்றே அந்நாட்டார் இதை அழைக்கிறார்கள். ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள இந்தச் சிறு ஜந்துவின் பின்பாதம் ஏறக்குறைய அரைச் சாண் நீளமுள்ளது. குளிர்காலத்தில் அதன் அடியில் விறைத்த மயிர் அடர்ந்து வளர்ந்து பாதத்தை இன்னும் அகலமாக்குகிறது. சதுர சென்டிமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இதன் பாரம் என்று கணக்கிடலாம். கோடையில் பழுப்பாக இருக்கும் இதன் ரோமம் பகற்பொழுது குறுகுவதை அடையாளமாகக் கொண்டு வெள்ளையாக மாறுகிறது. ஆகவே பனி தாமதமாகப் பெய்யும் வருஷங்களில், வெள்ளை உடுத்தி வந்த முயல் பழுப்பு நிலத்தில் பகைவரின் கண்ணுக்கு நன்றாகப் புலப்பட்டுவிடுகிறது. இதைத் துரத்தும் லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனைக்கும் இயற்கை அகன்ற பாதத்தையே அளித்திருக்கிறது. வடபுலத்துக் காடுகளில் இவ்விரண்டின் தொகையும் ஏறக்குறையப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஹட்சன் விரிகுடாக் கம்பெனியாரின் தோல் வியாபாரக் கணக்குகளை ஆராய்ந்து லின்க்ஸின் இந்தச் சுழற்சியைப் பற்றி சார்லஸ் எல்டனும் மேரி நிக்கல்சனும் 1942இல் எழுதிய கட்டுரை சூழலியலில் பிரசித்தமானது.

வீரன் முயல் சுவட்டை மோந்துவிட்டு அலட்சியமாக விட்டுவிட்டது. குளிரில் வாசனைப் பொருள்கள் குறைவாகவே ஆவியாகின்றன என்பதனால், சற்றுப் பழைய சுவட்டில் அதற்கு அதிக சுவாரஸ்யம் இல்லை போலும். ஆனால் சிறிது தூரம் போனதும் நின்றுவிட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு மறுபக்கம் சாய்த்தது. காது இரண்டும் பனியை நோக்கி மடிந்தன. எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பனிக்கு அடியில் ஏதோ ஒரு சிறு பிராணி அசைந்திருக்க வேண்டும். ஒரு சாணுக்கு மேல் பனி படிந்துவிட்டால், அதன் காற்றறைகள் கம்பளியாக அமைந்து தரையின் உஷ்ணத்தை வெளியே விடாமல் தடுக்கின்றன. மேலே மைனஸ் இருபத்தைந்து டிகிரி இருக்கும்போதும் தரைமட்டத்தில் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அடிப்பனி தரையின் வெம்மையால் ஆவியாகி மேலே சென்று படிவதால், தரைக்கும் பனிக்கும் இடையே தளர்ந்த பெரும் மணிகளாலான பொள்ளல் அடுக்கு ஒன்று உருவாகிறது. காட்டெலிகளும் மூஞ்சூறுகளும் அதில் சுரங்கம் வெட்டிக்கொண்டு, விதையும் வேரும் பூச்சியும் தின்று, காற்றும் ஆந்தையும் எளிதில் எட்டாத ஓர் உலகத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிடுகின்றன.

இந்த இடத்தில், எங்கள் சாலையைப் பற்றி நான் கொண்டிருந்த பெருமிதம் சற்றே குன்றியது. பனியை இறுக்கித் தரையாக்கும்போது அதிலுள்ள காற்றை வெளியேற்றுகிறோம் அல்லவா? காற்றுப் போனால் கம்பளியும் போயிற்று. இறுகிய பனி உஷ்ணத்தை எளிதில் கடத்துகிறது. அதன் கீழே தரை மற்ற இடங்களைவிடக் குளிர்ந்துவிடுகிறது. பொள்ளலடுக்கும் நசுங்கி, சுரங்கங்கள் அடைபடுகின்றன. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் பனிமோட்டார் ஓடிய தடங்களின் கீழே சிறு பாலூட்டிகள் எப்படி நலிகின்றன என்பதை 1970களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். நால்வர் நடந்த ஒற்றைத் தடம் அவ்வளவு கொடியதன்று. காடு முழுவதும் இஷ்டப்படி மிதித்துத் திரிந்தால் அது வேறு விஷயம். நமக்குத் தரை வேண்டும், எலிக்குப் பொள்ளல் வேண்டும். இரண்டுக்கும் பொருத்தமான ஏற்பாடு ஒரே தடத்தில் எல்லோரும் நடப்பதுதான்.

ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. பனி கம்பளியாக இருப்பதன் மற்றொரு விளைவு, பனி மூடிய ஏரியில் பனிக்கட்டி மெதுவாகவே தடிக்கும் என்பது. மேலே பார்க்கச் சமவெளியாகவும் நடக்கச் சுலபமாகவும் தோன்றும் அந்த வெள்ளைப் பரப்பின் அடியில், நீரோடை வந்து கலக்கும் வாயிலும், நாணல் நிற்கும் ஓரத்திலும் கட்டி மிக மெல்லியதாக இருக்கக்கூடும். தெளிந்த கட்டி நான்கு அங்குலமாவது இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம் என்பது பொதுவான விதி; பனி கலந்து வெண்மையான கட்டிக்கு அந்தப் பலம் கிடையாது. தாகம் எடுத்தால் பனியை அள்ளித் தின்பதும் தவறு. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு மட்டும் எண்பது கலோரி உஷ்ணம் வேண்டும். அது நம் உடம்பிலிருந்தே போகவேண்டும். வேகமாக நடந்து வியர்த்துவிட்டு நிற்பது அதைவிட ஆபத்து; நனைந்த பருத்தித் துணி சில நிமிஷங்களில் உடம்பின் வெம்மையை உறிஞ்சிவிடும்; ஆதலால் கம்பளிதான் உடுத்தத்தக்கது. பகலில் பளபளக்கும் பனி ஊதா கடந்த கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி எறிவதால் கறுப்புக் கண்ணாடியும் அவசியம். நாங்கள் ஃப்ளாஸ்கில் கொண்டுபோன இஞ்சித் தேநீரை மாலை மூன்று மணிக்குக் குடித்து முடித்துவிட்டு, ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் உடனே திரும்பிவிட்டோம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளின் உயர்சிகர வனப்பகுதியில், பனி எட்டு அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால் மிதியடியோ பனிச்சறுக்குக் கட்டையோ இல்லாமல் யாரும் நடக்கக்கூடாது என்று சட்டமே செய்திருக்கிறார்கள். வெறும் பூட்ஸோடு ஒருவர் நடந்தால் அவர் முழங்காலளவு குழிகளை வரிசையாக விட்டுச் செல்கிறார். இரவில் அவை உறைந்து இறுகிய பொறிகளாகிவிடுகின்றன. பின்னால் வருகிறவர் காலை ஒடித்துக்கொள்வது அவ்வாறே. பலர் சேர்ந்து செய்த சாலையை ஒருவர் அரை மணியில் கெடுத்துவிடலாம். ஒண்டாரியோவின் பூங்காக்களில் நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்துக்கொண்டே போகவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அது மனிதருக்கு மட்டுமின்றி முயலுக்கும் எலிக்கும் நன்மை.

டொராண்டோவிலும் மான்ட்ரியலிலும் இப்போது நம்மவர் ஏராளமாக வசிக்கிறார்கள். அவர்களில் அநேகர் குளிர்காலத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கழிக்க வேண்டிய ஒரு தண்டனையாகவே கருதுகிறார்கள். அவர்கள் ஒருநாள் மிதியடியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்வரவேண்டும் என்பது என் வேண்டுகோள். போகும்போது ஒருவர் பின் ஒருவராகவே போங்கள். முன்னே செல்பவரை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். நாயை வரிசையின் கடைசியில் வரவிட்டு, மணிக்கொரு தரம் அதன் விரலிடுக்குகளைப் பாருங்கள். தடம் இறுகிவிட்டதே என்று எண்ணிப் பாதி வழியில் மிதியடியைக் கழற்றிவிடாதீர்கள்.